வேண்டாம் என்று சொல்லும் நாக்கு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தட்டுகளைப் பார்த்தே எது யாருடையது என்று சொல்லிவிடலாம். ஓரத்தில் சின்ன வெங்காயம் ஒதுக்கி வைத்திருந்தால் மகனுடையது. கறிவேப்பிலையும் வரமிளகாயும் மட்டும் கிடந்தால் என்னுடையது. பொரியலைத் தொடாமல் விட்டிருந்தால் அப்பாவுடையது; காய் கொஞ்சம் வேகாமல் இருந்தாலும் அவர் பல்லுக்கு ஆகாது. வழித்துச் சாப்பிட்டு ஒரு பருக்கைகூட மிச்சமில்லாத தட்டு அம்மாவுடையது. அம்மாவுக்கு எல்லாமே பிடிக்கும் என்றுதான் பல வருடம் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சாப்பாட்டில் இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்பவர்களைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்களுக்குக் குறைவே இல்லை. நாக்கு நீளம். வாய்க்கு வக்கணையாக் கேக்குது. செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க. பசின்னா என்னன்னு தெரியல. கொழுப்பு. யோசித்துப் பார்த்தால் இதில் திட்டாக இல்லாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. குழந்தை அடம்பிடிக்கிறது, இல்லையென்றால் வளர்த்தவர்கள் சரியில்லை என்று சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். என் மகன் சாப்பிட மறுத்த வருடங்களில் இந்த இரண்டு தீர்ப்பையும் நானும் மாற்றி மாற்றிச் சொன்னேன். பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது இரண்டுமே தவறு என்று புரிந்தது. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் சுமார் 9 கிலோ ஆகிவிடும். மூன்று மடங்கு. அடுத்த ஒரு வருடம் முழுவதும் அது ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி இயற்கையாகவே மெதுவாகிறது, அதோடு பசியும் குறைகிறது. ஒரு கிண்ணம் பருப்பு சாதத்தை மிச்சமில்லாமல் சாப்பிட்ட பிள்ளை நாலு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கண் பட்டுவிட்டது என்று பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். அம்மா பின்னாலேயே கிண்ணத்தோடு ஓடுவார். உண்மையில் அந்த வயிற்றுக்கு அன்றைக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

இதே வயதில்தான் இன்னொன்றும் தொடங்குகிறது. முன்பின் பார்க்காத உணவு மீது ஒரு பயம். 2 வயதிலிருந்து 6 வயதுவரை இது அதிகமாக இருக்கும். போன வாரம் சாப்பிட்ட பீன்ஸையே நீளமாக நறுக்கிப் போட்டால் வேறு ஏதோ ஒன்று என்று நினைத்துத் தள்ளும் பிள்ளைகள் உண்டு. தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்து, கண்ணில் பட்ட இலையையும் காயையும் வாயில் போடக்கூடிய வயது இது. கசப்பையும் புதிதையும் சந்தேகப்பட்ட குழந்தைகளே ஆதிகாலத்தில் விஷத்துக்குத் தப்பியிருக்கும் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம்தான், ஆனால் எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

சில குழந்தைகளுக்கு இந்தப் பயம் சீக்கிரம் போய்விடுகிறது, சிலருக்குப் போவதே இல்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளரும் அண்ணனும் தங்கையும் இரண்டு துருவமாக இருக்கிறார்கள். இதற்கு நல்ல பதில் இரட்டையர் ஆய்வுகளில் கிடைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007இல் பிறந்த சுமார் 2,400 ஜோடி இரட்டையர்களை 16 மாத வயதிலிருந்து 13 வயதுவரை தொடர்ந்து பார்த்து, 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உருவத்தில் அச்சாக ஒன்றாக இருக்கும் இரட்டையர்களின் மரபணுக்கள் ஒன்றே. மற்ற இரட்டையர்கள் சாதாரண அண்ணன் தம்பி அளவுக்குத்தான் ஒத்துப்போவார்கள். இரு வகையினரையும் ஒப்பிட்டால், ஒரு குணத்தில் பிறவி எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு என்று கணக்கிடலாம். சாப்பாட்டில் ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் இருக்கும் வேறுபாட்டில் 60 சதவீதம் 16 மாதத்திலேயே மரபணு சார்ந்ததாக இருந்தது. 3 வயதிலிருந்து 13 வயதுவரை அது 74 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பொதுவான சூழல், அதாவது என்ன சமைக்கிறார்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்பதெல்லாம் தெளிவாக வேலை செய்தது அந்தச் சின்ன வயதில்தான்.

இதை விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயரமும் பெருமளவு மரபணு சார்ந்ததுதான், அதற்காகச் சத்துணவு வீண் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் "நீ ஒழுங்கா வளர்க்கல" என்று ஒரு தாயிடம் சொல்வதற்கு இந்த எண்களுக்குப் பிறகு இடமே இல்லை. எத்தனை வீடுகளில் எத்தனை மாமியார்கள், எத்தனை கணவன்மார்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள், எத்தனை பெண்கள் அதை நம்பி அழுதிருக்கிறார்கள் என்று நினைத்தால் மனது கனத்துப்போகிறது.

ஒரே பொரியல், இரண்டு ருசி

1931இல் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைப் பாட்டிலில் கொட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்று புகார் சொன்னார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், அப்போதும் ருசியே இல்லை. மற்றவர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்குக் கடும் கசப்பு, சிலருக்கு வெறும் சுண்ணாம்புத் தூள் மாதிரி. பினைல்தயோகார்பமைடு என்ற அந்தப் பொருளைக் கசப்பாக உணர வைக்கும் மரபணுவை 2003இல் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ், முள்ளங்கி, காலிஃப்ளவர் குடும்பத்துக் காய்களில் இதற்கு உறவான வேதிப்பொருள்கள் இருக்கின்றன.

அப்படியென்றால் அம்மா தின்னும் முட்டைக்கோஸும் பிள்ளை தின்னும் முட்டைக்கோஸும் வாய்க்குள் போனபின் ஒரே காயாக இருக்க வேண்டிய அவசியமில்லை. "நல்லாத்தானேடா இருக்கு, சாப்பிட்டுப் பார்" என்று நான் மகனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். எனக்கு நன்றாக இருந்தது உண்மை. அவனுக்குக் கசந்ததும் உண்மையாக இருந்திருக்கலாம். மனித நாக்கில் கசப்பை அறியும் ஏற்பிகள் சுமார் 25 வகை இருக்கின்றன, பாகற்காய்க்கு வேறு, காபிக்கு வேறு என்று வேலை செய்கின்றன. அதனால் ஒரு மரபணுவைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. ஆனாலும் "எனக்குக் கசக்குது" என்று ஒருவர் சொன்னால் அதைப் பொய் என்று சொல்ல மற்றவர் நாக்குக்கு உரிமை கிடையாது.

கொத்தமல்லி இதற்கு இன்னும் நல்ல உதாரணம். சிலருக்கு அதில் சோப்பு வாடை வரும். மல்லித்தழையில் இருக்கும் ஆல்டிஹைடு வகைச் சேர்மங்கள் சோப்பிலும் உண்டு. அவற்றை மூக்கு உணரும் விதத்தோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றத்தை 2012இல் கண்டார்கள். அதே வருடம் கனடாவில் வெளியான இன்னொரு ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளியினரில் 17 சதவீதம் பேருக்குக் கொத்தமல்லி பிடிக்கவில்லை, தெற்காசியர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான் பிடிக்கவில்லை. ரசத்திலும் சட்னியிலும் சிறு வயதிலிருந்தே பழகியது இந்த வித்தியாசத்தில் ஒரு பங்காக இருக்கலாம். ஆனால் அந்த 7 பேரை மறந்துவிடக் கூடாது. நூறு பேர் உட்காரும் நம் ஊர்ப் பந்தியிலும் ஏழு பேர் பிடிக்காத கொத்தமல்லியைச் சகித்துக்கொண்டு ரசத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம்.

ருசி மட்டுமே பிரச்சினை என்றும் இல்லை. வெண்டைக்காயை ஒதுக்கும் குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வழவழப்புதான் ஆகாது. கழுவித் துணியால் நன்றாகத் துடைத்து, பிறகு நறுக்கி, உப்பைக் கடைசியில் போட்டு, ஒரு கரண்டி மோரோ புளித்தண்ணியோ விட்டு மொறுமொறுவென்று வதக்கினால் அதே குழந்தை கேட்டு வாங்கிச் சாப்பிடும். எங்கள் வீட்டில் இது நடந்தது. இரண்டு வருடம் "வெண்டைக்காய் பிடிக்காது" என்று எழுதி மூடிய கணக்கு அது. என்ன பிடிக்கவில்லை என்று ஒருநாள்கூட நாங்கள் கேட்கவே இல்லை.

பால் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பால் குடிக்க மறுக்கும் பிள்ளையை மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 1981இல் வெளியான ஓர் ஆய்வில், திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதித்தவர்களில் 66.6 சதவீதம் பேருக்குப் பால் சர்க்கரையான லாக்டோஸைச் சரியாகச் செரிக்க முடியவில்லை; டெல்லியில் அது 27.4 சதவீதம். கைக்குழந்தைக்கு இருக்கும் செரிமான நொதி, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. பால் குடித்ததும் வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, வலிக்கிற பிள்ளைக்கு அதை விளக்கிச் சொல்ல வார்த்தை இருக்காது. "எனக்குப் பால் பிடிக்காது" என்ற ஒரே வாக்கியம்தான் இருக்கும். தயிரும் மோரும் அதே வயிற்றுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். நம் சாப்பாடு மோரில் முடிவது எவ்வளவு பொருத்தம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

அதேபோல் பழைய காயங்களும் உண்டு. 1955இல் ஜான் கார்சியாவும் உடன் இருந்தவர்களும் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே உடலைச் சங்கடப்படுத்தும் கதிர்வீச்சையும் காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த எலிகள் அந்த இனிப்புத் தண்ணீரை ஒதுக்கின. மனிதர்களும் இப்படித்தான். ஒருமுறை சாப்பிட்டு வாந்தி எடுத்தால் போதும், காரணம் காய்ச்சலாகவே இருந்தாலும் பழி அந்தச் சாப்பாட்டின் மேல் விழுந்துவிடும். வருடக்கணக்கில் நிற்கும். பஸ் பயணத்தில் வாந்தி எடுத்த ஒருநாளுக்காகப் புளியோதரையை இன்றும் தொடாத ஒரு அத்தை எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்.

கட்டாயத்தின் கணக்கு

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டுத்தான் பெரியவர்கள் சாப்பாட்டைத் திணிப்பார்கள். அந்தப் பழமொழியை நானும் மதிக்கிறேன். ஆனால் திணித்தால் வளைகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றுக்கு மட்டும் "சூப்பைக் குடித்து முடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வாரங்கள் போகப் போக, சும்மா விட்ட சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றி முகம் சுளித்துப் பேசியதும் அதிகம். அதற்கு நான்கு வருடம் முன்னால், கல்லூரி மாணவர்களிடம் சிறு வயதில் யாராவது கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்தார்களா என்று கேட்டார்கள். 69 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அவர்களில் 72 சதவீதம் பேர் அந்த உணவை இன்றும் விரும்பிச் சாப்பிடுவதில்லை என்றார்கள்.

லஞ்சமும் இதே கதைதான். "கீரை சாப்பிட்டா ஐஸ்கிரீம்" என்று சொல்லும்போது, கீரை ஒரு தண்டனை, அதைத் தாங்கினால் கூலி உண்டு என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். 1984இல் லியன் பிர்ச் என்ற ஆய்வாளர், ஒரு புதுப் பானத்தைக் குடித்தால் பரிசு என்று சின்னப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தார். பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்தது.

அப்புறம் என்னதான் செய்வது? பழக்கம் என்பது வேறு, கட்டாயம் என்பது வேறு. ஒரு காய் பிடித்துப்போக எட்டு முதல் பதினைந்து தடவைவரை அதைப் பார்த்து, தொட்டு, ஒரு நுனியைக் கடித்துத் துப்பிப் பழக வேண்டியிருக்கும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நாமோ மூன்றாவது தடவையிலேயே "இவனுக்கு இது ஆகாது" என்று முடித்துவிடுகிறோம். கொஞ்சமாக, ஒரு ஸ்பூன் அளவு, எதுவும் சொல்லாமல் தட்டில் வைத்துவிட்டு நாம் பாட்டுக்குச் சாப்பிட வேண்டும். கேட்டால் தரலாம், ஒதுக்கினால் விட்டுவிடலாம். எழுத எவ்வளவு எளிதாக இருக்கிறது! ஆசையாகச் சமைத்த காய் பத்தாவது தடவையும் குப்பைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி இருப்பதற்குப் பெரிய பொறுமை வேண்டும்.

அமெரிக்கச் சத்துணவு நிபுணர் எல்லின் சேட்டர் 1980களில் இதற்கு ஒரு பாகப்பிரிவினை சொன்னார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதெல்லாம் பெரியவர்கள் பொறுப்பு. அதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் கைவைக்கக் கூடாது. குழந்தை கேட்டது என்பதற்காக ராத்திரி ஒன்பது மணிக்கு நூடுல்ஸ் கிளற வேண்டியதில்லை. குழந்தை வாயை மூடிக்கொண்ட பிறகு இன்னொரு உருண்டை திணிக்கவும் வேண்டியதில்லை.

குழந்தையை நம்பி விட்டால் ஒழுங்காகச் சாப்பிடுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். 1920களின் கடைசியில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் இதைத் துணிந்து சோதித்தார். அப்போதுதான் தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகள். முன்னால் பழம், காய், தானியம், பால், முட்டை, இறைச்சி, ஈரல் என்று தனித்தனிக் கிண்ணங்கள். குழந்தை எதைச் சுட்டிக்காட்டுகிறதோ அதில் மட்டும் ஒரு ஸ்பூன் தர வேண்டும், முகத்தில்கூட விருப்பு வெறுப்பைக் காட்டக் கூடாது என்று தாதிகளுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஒரு குழந்தை சாப்பிட்டது போல இன்னொன்று சாப்பிடவில்லை. ஈரலையும் ஆரஞ்சுச் சாற்றையும் காலைச் சாப்பாடாக எடுத்துக்கொண்ட குழந்தையும் உண்டு. ஆனால் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன என்று 1939இல் எழுதினார். அந்தக் கிண்ணங்களில் சர்க்கரையும் பிஸ்கட்டும் இல்லை. டேவிஸே இதைத் தெளிவாகச் சொன்னார்: எடுத்து வைத்தவை எல்லாமே நல்ல உணவு, அதனால்தான் தேர்வைக் குழந்தையிடம் விட முடிந்தது. ஒரு தாய் தன் கைக்குழந்தையை இப்படியொரு ஆய்வுக்கு விட வேண்டிய நிலைமை வந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அதில் கிடைத்த பாடம் பெரியது.

நம் சாப்பாட்டு முறைக்கும் இதற்கும் ஒரு நெருக்கம் இருக்கிறது. வெள்ளைச் சாதம் நடுவில். குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம், ஊறுகாய் எல்லாம் தனித்தனியாக வரும். கூட்டு வேண்டாமா, இலைமேல் கையைக் காட்டினால் போதும். குழம்பு காரமா, நேராக ரசத்துக்குப் போகலாம். ஒரே சமையல், ஆனால் ஒவ்வொருவர் சாப்பாடும் வேறு. நான்கு பேருக்கு நான்கு சமையல் என்ற கொடுமை இல்லாமலேயே நான்கு நாக்குக்கும் இடம் கொடுக்கும் அமைப்பு இது. சின்னக் குழந்தைக்கு மட்டும் இந்த வசதியை நாம் கொடுப்பதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, குழைத்து, உருட்டி ஊட்டுகிறோம். எது கேரட், எது பீர்க்கங்காய் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. முன்பு நிலாவைக் காட்டினோம், இப்போது செல்போனைக் காட்டுகிறோம். திரையைப் பார்த்து வாயைத் திறக்கும் குழந்தைக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம் என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது.

சோற்றை வீணாக்காதே என்று பெரியவர்கள் பதறுவதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் தமிழ்நாட்டையே உலுக்கியதென்றால், அன்றைக்கு அரிசி எவ்வளவு பெரிய கவலையாக இருந்திருக்கும். அந்த வருடங்களில் பிள்ளையாக இருந்த என் அப்பாவுக்குத் தட்டில் மிஞ்சும் சோறு வெறும் சோறு கிடையாது. அவருக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி எளியது: முதலில் கொஞ்சமாகப் போடுவது, வேண்டுமானால் இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொள்வது. வீணாவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

லட்சக்கணக்கான பேருக்கு ஒரே மாதிரி சமைக்கும் இடத்தில்கூட விருப்பத்துக்கு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். வெறும் அவித்த முட்டை பிள்ளைகளுக்குச் சலித்துப்போகும் என்று 2013இல் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று வகைகளைக் கொண்டுவந்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் திங்கட்கிழமை உப்புமா இருந்தது. 2025இல் அதை மாற்றிப் பொங்கலும் சாம்பாரும் என்று அறிவித்தார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஏழைப் பிள்ளை, கிடைத்ததைச் சாப்பிடட்டும் என்று அரசு நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கும் உப்புமா பிடிக்காமல் போகலாம்.

எல்லா மறுப்பையும் இயல்பு என்று விட்டுவிடவும் கூடாது. எடை ஏறவில்லை அல்லது குறைகிறது, விழுங்கும்போது வலி, சாப்பிட உட்கார்ந்தாலே குமட்டல், சாப்பிடும் பொருள்களின் பட்டியல் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். மலச்சிக்கல் பசியைக் கெடுக்கும். இரும்புச்சத்துக் குறைவும் கெடுக்கும்; நாள் முழுக்கப் பாலாகக் குடித்தே வயிற்றை நிரப்பும் பிள்ளைக்கு அது வர வாய்ப்பு அதிகம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உணவின் தொடுதலும் மணமும் தாங்க முடியாத அளவுக்கு உறைக்கலாம். பயத்தாலோ வெறுப்பாலோ உடல் கெடும் அளவுக்கு உணவைத் தவிர்ப்பதை 2013 முதல் மருத்துவ உலகம் தனி நோயாகவே பதிவு செய்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. பிரம்பு சிகிச்சை இல்லை.

பெரியவர்களின் நாக்கு

வயது ஏற ஏற மோப்பம் மங்கும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மோப்பம்தான். அதனால்தான் எழுபது வயதில் அப்பா "சாம்பாரில் உப்பே இல்லை" என்கிறார்; நாங்கள் சாப்பிட்டுப் பார்த்தால் சரியாக இருக்கிறது. சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் இரும்பு ருசியைக் கொண்டுவரும். இவர்கள் குறை சொல்லும்போது "வயசானா இப்படித்தான்" என்று நகர்ந்துவிடாமல், பெருங்காயம், மிளகு, எலுமிச்சை என்று மணமும் புளிப்பும் கூட்டிக் கொடுத்துப் பார்க்கலாம். உப்பைக் கூட்ட வேண்டிய தேவை இருக்காது.

ஆனால் வீட்டில் இன்னொரு வகை நாக்கும் இருக்கிறது. குழம்பில் புளி ஒரு சொட்டுக் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகும் நாக்கு. அது பெரும்பாலும் ஆண்களுடையது. அதை யாரும் அடம் என்று சொல்வதில்லை. "அவருக்கு அது ஆகாது" என்று மரியாதையாகச் சொல்லி, வேறு ஒன்று செய்து கொடுப்பார்கள். ஒரே செயல், நான்கு வயதில் செய்தால் அடி, நாற்பது வயதில் செய்தால் தனிச் சமையல். எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு இருப்பதைச் சாப்பிடுவது ஒன்று. எனக்குப் பிடிக்காதது இந்த வீட்டு அடுப்பில் ஏறவே கூடாது என்பது வேறு. மீன், கருவாடு, மாட்டிறைச்சி, முட்டை என்று எதை எடுத்தாலும் இந்தக் கோடு முக்கியம். சாதியும் பெருமையும் பெரும்பாலும் இரண்டாவதன் பக்கம்தான் வந்து நிற்கும். ஒருவர் அசைவத்தை விட்டால் அவர் முடிவை வீடு மதிக்க வேண்டும். அவரும் மற்றவர் தட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தக் கூடாது.

விருப்பத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதை யாரோ ஒருவர் கொடுக்கிறார். 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 81 சதவீதம் பெண்கள் தினமும் சம்பளமில்லா வீட்டு வேலை செய்கிறார்கள், சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் அதைத் தொடுபவர்களே 26 சதவீதம்தான், அவர்களுக்கும் 97 நிமிடம். இவருக்குக் காரம் குறைவாக, அவருக்கு வெங்காயம் இல்லாமல், பிள்ளைக்குத் தனியாக நெய்ச் சாதம் என்று ஒவ்வொரு மரியாதையும் அந்த 299 நிமிடத்தில்தான் விழுகிறது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சக் குழம்போடு உட்கார்பவரும் அவர்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. காரணங்கள் பல இருக்கும். கடைசியாக, மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கத்தை அந்தக் காரணங்களிலிருந்து என்னால் விலக்கிப் பார்க்க முடியவில்லை.

நம் வீடுகளில் ஒரு பெண்ணிடம் "உனக்கு வாய்க்கு என்ன வேணும்?" என்று எல்லோரும் கேட்கும் காலம் ஒன்று உண்டு. மசக்கைக் காலம். மாங்காய் கேட்டால் தெருவெல்லாம் தேடுவார்கள். தாளிக்கிற வாடை ஆகவில்லை என்றால் அடுப்பையே தள்ளி வைப்பார்கள். வளைகாப்புக்குப் புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று வகை வகையாகக் கட்டி வருவார்கள். ஒரு மனுஷியின் நாக்கை மதிக்க நமக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி. குழந்தை பிறந்ததும் அந்தக் கேள்வி நின்றுவிடுகிறது. பத்தியச் சாப்பாட்டில் தொடங்கி, பிறகு யார் என்ன விரும்புகிறார்கள் என்று நினைவில் வைத்திருக்கும் வேலை அவளுக்கு வந்துவிடுகிறது.

மகனுக்காக இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த ஒருநாள், அம்மாவிடம் கேட்டேன்: "உங்களுக்கு என்னம்மா ரொம்பப் பிடிக்கும்?" எல்லாமே பிடிக்கும் என்றார். விடாமல் கேட்டேன். முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "கருவாட்டுக் குழம்பு. நெத்திலி, கத்தரிக்காய் போட்டு. கல்யாணத்துக்கு முன்னாடி சாப்பிட்டது. அப்பாவுக்கு அந்த வாடை ஆகாதுல்ல" என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்பா பக்கத்து அறையில் இருந்தார். அவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் வேண்டாம் என்று தடுத்ததும் இல்லை; புது மருமகளாக வந்த முதல் வாரத்தில் அவர் முகம் சுளித்ததை அம்மா பார்த்திருக்கிறார், அதோடு விட்டுவிட்டார்.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் சின்ன கேஸ் அடுப்பை வைத்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கிறோம். தலை கிள்ளி, வெந்நீரில் அலசும் வேலை என்னுடையது. புளி கரைப்பது மகன். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கத்தரிக்காயை எப்போது போட வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். அப்பாவுக்குக் கீழே ரசமும் அப்பளமும் இருக்கிறது. போன தடவை அம்மா முதலில் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். அன்றைக்குச் செய்திருந்த பீட்ரூட் பொரியலை மட்டும் தட்டின் ஓரத்திலேயே வைத்துவிட்டு எழுந்தார்.